ஒரு இன்னிங்ஸ் மட்டும் வீசுபவருக்கு எதற்கு ஹால் ஆஃப் ஃபேம்?

"பேஸ்பாலில் கடைசி ஒரு இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போகிற ரிலீஃப் பிட்சரெல்லாம் ஒரு ஆட்டக்காரரா? அவருக்கு எதற்கு ஹால் ஆஃப் ஃபேம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஹால் ஆஃப் ஃபேம் என்பது ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியல். ரிலீஃப் பிட்சர், ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்ட்டருக்குப் பதிலாக நடுவில் வந்து பந்து வீசுபவர். அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், ஆபீசில் யாரோ, நியூயார்க் யாங்கீஸ் அணிக்குக் கடைசி இன்னிங்ஸ் வீசிய மரியானோ ரிவேராவைத் தூக்கிவைத்துப் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு இது சுருக்கென்று தைக்கிற கேள்வி. நியூஜெர்சியில் பள்ளி சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரியான ஆட்டம்) அணியில் என் மகள் ரிலீஃப் பிட்சர். ஊரிலிருந்து போன் செய்யும் பெரியப்பா முதல் இங்கிருக்கும் நண்பர்கள் வரை எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மேட்ச் முழுக்க உட்கார்ந்துதானே இருக்கா?"

போன வருஷம் ஒரு ஆட்டம். சாஃப்ட்பாலில் மொத்தம் ஏழு இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஒரு அணிக்கு மூன்று அவுட் வரை பேட்டிங். ஏழாவதில் எங்கள் பக்கம் ஒரு ரன் அதிகம், எதிரணிக்கு மூன்று பேஸிலும் (ரன் எடுக்க ஓடிக் கடக்கும் இடங்கள்) ஆள், ஒரு அவுட். அந்த நேரத்தில் கோச் இவளைக் கூப்பிட்டார். அந்த மூன்று பேரையும் பேஸில் ஏற்றியது இவள் இல்லை, கவனியுங்கள். இவள் வீசியது நல்ல பந்து. மட்டையின் பிடி அருகே பட்டுத் தொளதொளவென்று எழும்பி, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) தலைக்கு மேலே போய் விழுந்தது. இரண்டு ரன், ஆட்டம் போச்சு. அதுவரை கைதட்டிக்கொண்டிருந்த பெற்றோர்கள் மடக்கு நாற்காலிகளைச் சுருட்டிக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமலே கிளம்பினார்கள்.

அன்றிரவு பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 2001-ன் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அரிசோனாவுக்கு எதிராக யாங்கீஸ் 2-1 முன்னிலை, ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், வீசுவது ரிவேரா. பேட்டர் மட்டையை வைத்து மெதுவாகத் தட்டிவிட்ட (பன்ட்) பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்குத் தவறாக எறிந்தார். அப்புறம் ஸ்கோர் சமமானது. கடைசியில் லூயிஸ் கொன்சாலஸ் மட்டையில் சரியாகப் படாத பந்து, முன்னால் வந்து நின்ற ஷார்ட்ஸ்டாப் ஜீட்டர் தலைக்கு மேலே போய் விழுந்தது. கோப்பை போனது. என் மகள் அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அடுத்த ஆட்டத்திலும் கோச் அவளைத்தான் கூப்பிட்டார். காலால் மண்ணைச் சமப்படுத்திவிட்டு வீசினாள், மூன்று பேரையும் அவுட் ஆக்கினாள்.

இந்த வேலையில் தோல்விக்கு மட்டும்தான் பெயர் ஒட்டும். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வீசுபவருக்காவது முதலிலேயே நாலு பந்து வீசிப் பார்த்த அனுபவம் இருக்கும். முன்னிலையைக் காக்கக் கடைசியில் வரும் ரிலீஃப் பிட்சரான க்ளோசருக்கு அதுவும் கிடையாது. பனாமாவின் மீனவ கிராமமான புவெர்டோ கைமிட்டோவிலிருந்து வந்த ரிவேரா, 1995-ல் ஸ்டார்ட்டராகச் சரிவரவில்லை. 1997-ல் க்ளோசரானார். அந்த வருஷமே அவருக்குக் கட்டர் என்ற பந்து வசப்பட்டது: நேராக வருவதுபோல் வந்து கடைசி நொடியில் இடக்கை பேட்டரின் விரலை நோக்கித் திரும்பும், மட்டை முறியும். எல்லோருக்கும் தெரிந்த அந்த ஒரே பந்தை வைத்து 652 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்தால் ஒரு சேவ்). சீசன் முடிந்து நடக்கும் பிளேஆஃபில் 141 இன்னிங்ஸில், ஃபீல்டிங் பிழையால் வந்ததைக் கழித்தால், அவர் கணக்கில் ஏறிய ரன் 11. 2012-ல் பயிற்சியில் பந்து பிடிக்கப் போய் முழங்கால் தசைநார் கிழிந்தது. திரும்பி வந்து, 43 வயதில் 44 சேவ் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். 2019-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களித்த 425 பேரும் அவருக்கே போட்டார்கள். அதற்கு முன் யாருக்கும் அப்படி நடந்ததில்லை.

   

யாங்கீஸ் ரசிகன், அதனால் இப்படி எழுதுகிறான் என்பார்கள். ரசிகன்தான், மறுக்கவில்லை. ஸ்டார்ட்டர் ஒரு சீசனில் 200 இன்னிங்ஸ் வீசும்போது க்ளோசர் 70 வீசுகிறார் என்ற கணக்கும் எனக்குத் தெரியும். எல்லா க்ளோசரையும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கச் சொல்லவில்லை. 422 சேவ் எடுத்த பில்லி வாக்னரே பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில், 2025-ல்தான் தேர்வானார். அவரை அவ்வளவு நாள் காக்க வைத்தது தப்பு என்பது என் கருத்து. அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.