வில்லைத் திருப்பிப் போட்டால் போதுமா?

கேள்வி: என்னிடம் பழைய மிற்சுபிசி குட்டை ஜீப் இருக்கிறது. நாலு பக்கமும் வில்லுத்தகடுதான். நெல்மூட்டையோடு குளக்கட்டில் ஏறினால் முன்பக்கம் தூக்குகிறது. பின் அச்சை நாலு அங்குலம் பின்னுக்குத் தள்ளினால் சரிவருமா? செசியை வெட்ட வேண்டுமா?
- வாசகர், குச்சவெளி

பதில்: செசியில் கை வைக்காதீர்கள், தம்பி. அச்சைத் தள்ளினால் பாரம் முன்னுக்கு வரும், அது உண்மை. லாண்ட் றோவர்காரனே 1948இல் அச்சுக்கு அச்சு 80 அங்குலத்தில் தொடங்கி, 86 ஆக்கி, 1956இல் 88க்கு வந்தவன். ஆனால் உங்களுக்கு நாலு எதற்கு? இரண்டு போதும்.

அளவுநாடாவோடு வண்டிக்கு அடியில் போங்கள். பின் வில்லின் முன்கண்ணிலிருந்து (நுனி வளையம்) தகடுகளைக் கோத்து அச்சில் உட்காரும் சென்டர் போல்ட் வரை ஓர் அளவு, அங்கிருந்து பின்கண் வரை இன்னோர் அளவு. முன்பாதி 22, பின்பாதி 24 என்று வந்தால் அதிர்ஷ்டம்: வில்லைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பிப் போட்டாலே அச்சு 2 அங்குலம் பின்னால் போய்விடும். இரு கண்களின் புஷ்ஷும் ஒரே அளவா என்று மட்டும் பாருங்கள். இரு பாதியும் சமமென்றால் இந்த வித்தை பலிக்காது. பட்டறையில் புது வில் அடிப்பிக்க வேண்டியதுதான். பழைய தகட்டில் பக்கத்திலேயே இன்னொரு துளை போடச் சொல்வார்கள். வேண்டாம், அந்த இடத்தில்தான் முறியும்.

நான் கோட்டைவிட்டது, எஞ்சின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டில். வில்லைத் திருப்பிய சந்தோஷத்தில் பின் புரொப்பலர் ஷாஃப்டை நீட்டாமல் விட்டேன். ஷாஃப்டின் வழுக்கும் மூட்டில் பல்லுக்குள் பல் 2 அங்குலம் குறைவாகத்தான் கவ்வியிருந்தது. நிலாவெளி தாண்டி ஒரு பள்ளத்தில் அச்சு கீழே தொங்க, ஷாஃப்ட் உருவிக்கொண்டு தார் றோட்டில் 'ணங்' என்று விழுந்தது. மிச்சத்தையும் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, ஃபோர் வீலில் போட்டு, முன் சில்லு இழுக்கத் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தேன். நீங்கள் ஷாஃப்டை நீட்டி, பாலன்ஸும் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். பிறேக் ஹோஸ் இழுபடுகிறதா, ரயர் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

வண்டியின் வயிற்றில் மேடு தட்டுவது பெரிதாக அதிகரிக்காது. அடியில் 8 அங்குல இடைவெளி இருந்தால் மேடு தாண்டும் கோணத்தில் ஏறக்குறைய அரைப் பாகைதான் இழப்பு. திரும்ப மட்டும் கொஞ்சம் கூட இடம் வேண்டும்.

வில்லை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் நாலும் புதிதாகப் போடுங்கள். நம் கடற்காற்றில் பழையதன் மரை எப்படி இருக்குமென்று சொல்லத் தேவையில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் முதலில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. இதெல்லாம் செய்வதற்கு முன், மூட்டைகளைப் பின்கதவில் அடுக்காமல் சீற்றின் முதுகோடு ஒட்டி அடுக்கி ஒருமுறை குளக்கட்டில் ஏற்றிப் பாருங்களேன்.