கிறுக்கல் என்று யாரைச் சொல்வது?

மதிப்புக்குரிய ஐயா,

மூதூரில் மூன்றாம் தரத்துக்குத் தமிழ் கற்பிக்கிறேன். உறுப்பெழுத்துக் கொப்பிகளைத் திருத்தும்போது சில பிள்ளைகளின் எழுத்துக்குக் கீழே ‘கிறுக்கல்’ என்றும் ‘கோழி கிளறிய எழுத்து’ என்றும் சிவப்பு மையால் எழுதுவது என் வழக்கம். அதைப் பார்த்தபின் மகன் கொப்பியைத் திறக்கவே மறுக்கிறான் என்று ஒரு தாய் வந்து வருந்தினார். இதற்குப் பொருத்தமான வேறு சொல் உண்டா? எல்லோரும் கைபேசியில் எழுதும் காலத்தில் கையெழுத்தை வற்புறுத்துவது தேவைதானா? கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இராது என்கிறார்களே, அது உண்மையா?

ஓர் ஆசிரியர், மூதூர்

அன்புள்ள தம்பி,

தலையெழுத்தைப் பற்றிய அந்தப் பேச்சு, எழுதச் சோம்பற்பட்டவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். அதில் ஆராய ஒன்றுமில்லை. கைபேசிக் கேள்வியை மூன்றாம் தரத்துக்குக் கற்பிப்பவர் கேட்கலாகாது.

ஆனால் உங்கள் முதற் கேள்வி, சில காலமாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைத் தொட்டுவிட்டது. நீங்கள் வேறு சொல் கேட்கிறீர்கள். இருக்கிற சொற்களே போதும், தம்பி. அவற்றை யார்மீது எறிகிறோம் என்பதில்தான் பிழை இருக்கிறது. கிறுக்கல், கிளறல், இழுப்பு ஆகிய யாவும் அவசரத்தையும் அலட்சியத்தையும் கண்டிக்கும் சொற்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன அவசரம்? பென்சிலை இறுகப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘ண’வின் மூன்று சுழிகளையும் ஒவ்வொன்றாகச் சுழித்து முடிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிடுகிறது. விரல் பழகாமையால் கோணிய எழுத்தை அலட்சியத்தால் கோணிய எழுத்தாக எண்ணி நீங்கள் தண்டித்திருக்கிறீர்கள். அவன் கொப்பியைத் திறக்க மறுப்பது முற்றிலும் நியாயம்.

இதே சொல் பெரியவர்களிடம் போனதும் குழைந்துவிடுகிறது. மருந்துத் துண்டை வாசிக்க முடியாமல் கடைக்காரர் திணறினால், டொக்டர்மாரின் எழுத்து அப்படித்தான் என்று சிரித்துவிட்டுப் போகிறோம். தம் முதற் கவிதைகளைக் ‘கிறுக்கல்கள்’ என்று சொல்லிக்கொள்பவரிடம் பணிவைக் காண்கிறோம். அலுவலகத்தில் ஒருவர் புள்ளியும் கொம்பும் இல்லாமல் இழுத்துத் தள்ளினால், வேகமான கை என்று மெச்சவும் செய்கிறோம்.

என் அம்மம்மாவின் பெயர் மரகதம். அவருடைய பிறப்புப் பதிவை எழுதிய கை ரகரத்தின் அடியைக் கீழே இறக்காமல் நேர்க்கோடாக விட்டிருந்தது. பின்னாளில் அதைப் பார்த்துப் பிரதி எழுதியவர் அந்த ரகரத்தைக் கால் என்று எடுத்துக்கொண்டு, அம்மம்மாவை ‘மாகதம்’ ஆக்கிவிட்டார். அம்மப்பா இறந்தபின் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தபோதுதான் இது தெரியவந்தது. திருமணப் பதிவில் மரகதம், பிறப்புப் பத்திரத்தில் மாகதம். இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும், கிராம அலுவலரின் கடிதம் வேண்டும், பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டும். உவர்மலையிலிருந்து வெயிலில் இறங்கி வந்து, ஒரு வாங்கில் மாறி இன்னொரு வாங்கில் அமர்ந்து, தன் பெயர் தன்னுடையதுதான் என்று அந்த மூதாட்டி ஒவ்வொரு மேசையிலும் சொன்னார். ஒருவருக்கு மிச்சமான அரை விநாடியின் விலையை இன்னொருவர் அவ்வளவு காலம் கொடுத்தார். அந்தப் பதிவேட்டின் பக்கத்தில் எவரும் சிவப்பு மையால் ‘கிறுக்கல்’ என்று எழுதவில்லை.

பழைய ஏடுகளிலும் புள்ளி இல்லையே என்று யாரேனும் வாதாடலாம். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் அதை விட்டார்கள். ரகரமும் காலும் ஏட்டில் ஒரே வடிவாகக் கிடந்தன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறிலுக்கும் நெடிலுக்கும் வடிவ வேறுபாடு செய்யும்வரை, ‘எரி’யா ‘ஏரி’யா என்பதை வாசிப்பவரே இடம் நோக்கி உணரவேண்டியிருந்தது. பழைய நூல்களை ஏட்டிலிருந்து பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், எங்கள் திருகோணமலையில் பிறந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டு மெய்யான பாடத்தைத் தேடுவதில் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்று நம்மவர்கள் சொல்லிவைத்ததும் இந்தச் சிரமத்தை அறிந்துதான். அது ஓலையின் குறை. கோடிட்ட தாளும் குமிழ்முனைப் பேனையும் கையிலிருக்கும்போது புள்ளியை விடுபவருக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

இதை உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நீங்கள் கைப்பட எழுதிப் படமெடுத்து அனுப்பிய கடிதத்தில், ‘பிள்ளைகளின்’ என்ற சொல்லுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ‘மனம்’ என்று எழுதினீர்களா ‘மணம்’ என்று எழுதினீர்களா என்று சுழியை எண்ணிப் பார்த்தும் எனக்குத் தெளியவில்லை. உங்கள் விரல் பழகிய விரல். ஆகவே அந்த மாணவனுக்கு நீங்கள் கொடுத்த சொல் உங்களுக்கே உரியது.

நாளைக்கே அவனை அருகில் அழைத்து, அவன் பார்க்க அந்தச் சிவப்புச் சொல்லை வெட்டிவிடுங்கள். அதற்கு ஈடாக எந்தச் சொல்லையும் எழுத வேண்டாம். எந்த எழுத்தில் கை தடுமாறுகிறதோ அந்த ஓர் எழுத்தை மட்டும் ஓரத்தில் பெரிதாக, மெதுவாக எழுதிக் காட்டுங்கள். சுழி எங்கே தொடங்குகிறது, கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவன் பார்க்கட்டும். கோணல் அடுத்த வாரமும் இருக்கும், அதற்கடுத்த வாரமும் இருக்கும். அவனுடைய தாயிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது அவனை அந்தச் சொல்லால் அழைக்கத் தொடங்கியிருக்கலாம்.