வண்டியில் இரும்பு தெரிகிறதா? எந்த ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பது: கேள்வி பதில்

பெயிண்ட் உரிந்து உலோகம் தெரியும் இடங்களை ஸ்ப்ரே கேன் வைத்து நாமே சரிசெய்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முக்கால்வாசிப் பேர் நிறத்தில்தான் ஆரம்பிக்கிறீர்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டு விஷயம். அது என்ன உலோகம்? அந்த இடத்தில் படப்போவது என்ன: சூடா, பெட்ரோலா, கல்லடியா? இவை தெரிந்த பிறகு கேன் எடுத்தால் போதும்.

கேள்வி: பைக் சேஸிஸிலும் சைடு ஸ்டாண்டிலும் துரு. "துருவின் மேலேயே அடிக்கலாம்" என்று ஒரு கேனில் போட்டிருக்கிறது. நம்பலாமா அண்ணா?

பாதி நம்பலாம் தம்பி. விரலால் தேய்த்தாலும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய துருவுக்குத்தான் அது. செதில் செதிலாக எழும்பிய துருவின் மேல் அடித்தால், துரு உதிரும்போது பெயிண்டும் சேர்ந்தே போய்விடும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, 80 நம்பர் எமரியில் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை எடுங்கள். பிறகு 180, 320 என்று போய், பழைய பெயிண்டின் ஓரம் கையில் தட்டாத அளவுக்குச் சரிவாக்குங்கள். இந்த ஓரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், உரிதல் மறுபடி தொடங்குவதும் அங்கேதான்.

குழிகளுக்குள் எட்டாத துரு மிஞ்சினால் ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம். அதிலுள்ள டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கருநீலமாக மாறி நிலைத்துவிடும். துருவே இல்லாத இரும்பில் அதற்கு வேலை இல்லை. பாஸ்பாரிக் அமில வகை என்றால், அதில் சொன்னபடி கழுவி நன்றாக உலர்த்திய பிறகே பிரைமர், அதாவது நிறத்துக்கு அடியில் போகும் அடிக்கோட். மிச்ச அமிலத்தின் மேல் எபாக்சி பிரைமர் சரியாகப் பிடிக்காது.

கேள்வி: பிரைமரிலேயே நாலைந்து வகை இருக்கிறதே, எதை வாங்குவது?

இதைக் கேட்டதற்கு நன்றி. மேலே தெரியும் நிறத்தைவிட வண்டியைக் காப்பது இதுதான்.

எபாக்சி பிரைமர் ஈரத்தை உள்ளே விடாமல் நன்றாக மூடும். சேஸிஸ், தரைத்தகடு, மட்கார்டு உட்புறம் எல்லாவற்றுக்கும் என் முதல் தேர்வு இதுதான். எட்ச் பிரைமரில் கொஞ்சம் அமிலம் உண்டு. உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும், அலுமினியத்துக்கு நல்லது. ஆனால் மெல்லிய கோட்டாகத்தான் அடிக்க வேண்டும், பள்ளம் நிரப்பும் பட்டியை நேராக அதன் மேல் வைக்கக் கூடாது. ஜிங்க் பிரைமரில் துத்தநாகம் இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து இரும்பைக் காக்கும். அதற்குத் துத்தநாகம் வெற்று இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதனால் பழைய பெயிண்டின் மேல் அடிப்பதில் பயன் இல்லை.

ஃபில்லர் பிரைமர் கீறலை நிரப்புவதற்கு மட்டும். அது நீரை உறிஞ்சும். சாம்பல் நிறமாக இருக்கிறது, மூடிவிட்டது என்று நினைத்து அப்படியே ஒரு மழைக்காலம் ஓட்டிவிட்டு, அடியில் துருவோடு வருகிறவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கேள்வி: டேங்கில் டச்-அப் செய்தேன், அழகாக வந்தது. பெட்ரோல் போடும்போது ஒரு சொட்டு வழிந்தது, பெயிண்ட் பிசுபிசுத்துக் கரைந்துவிட்டது. ஏன்?

நீங்கள் அடித்தது ஒன்-கே அக்ரிலிக், அதாவது ஹார்டனர் சேராத வகை. அதில் தின்னர் ஆவியாகிப் போவதால்தான் பெயிண்ட் காய்கிறது, தின்னரோ பெட்ரோலோ பட்டால் திரும்பக் கரையும். டேங்குக்கு மேல்கோட்டாக டூ-கே கிளியர் வேண்டும், அதாவது ஹார்டனர் சேர்ந்து இறுகும், நிறமில்லாத பெயிண்ட். கேனுக்குள்ளேயே ஹார்டனர் தனி அறையில் இருக்கும். அடிப்பகுதியில் உள்ள பொத்தானை அழுத்தினால் கலந்து, வேதிவினையால் இறுகும். கலந்த பிறகு அநேகமாக ஓரிரு நாளில் கேன் வீணாகிவிடும், எனவே எல்லா வேலையையும் தயாராக வைத்துக்கொண்டு அழுத்துங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் நிரந்தர ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடலாம். துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் இதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகக்கவசம் இல்லையென்றால், டேங்கைக் கழற்றி அந்த வசதி உள்ள பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள். வாசலில் வைத்து அடிக்காதீர்கள், பக்கத்தில் குழந்தைகள் இருப்பார்கள்.

கேள்வி: சைலன்சருக்குச் சாதாரண கறுப்பு எனாமல் போதுமா?

போதாது, புகைந்து உரியும். 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தாங்கும் என்று குறித்திருக்கும் சிலிக்கோன் வகை ஹீட் பெயிண்ட் வாங்குங்கள். சாதாரண பிரைமரை அடியில் போடாதீர்கள், அது முதலில் கருகும். நேராக இரும்பின் மேல் மெல்லிய இரண்டு கோட். காய்ந்ததுபோல் தெரிந்தாலும் சூடேறினால்தான் அது முழுதாக இறுகும். வண்டியைக் கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விட்டு, முழுக்க ஆறவைத்து, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் என்று படிப்படியாகச் சூடேற்றுங்கள். முதலில் புகை வரும், வெட்டவெளியில் செய்யுங்கள்.

கேள்வி: இரண்டாவது கோட் அடித்ததும் பெயிண்ட் தோல்போல் சுருங்கிவிட்டது.

அடியில் எனாமல் இருந்திருக்கும். எனாமல் மேலே காய்ந்தாலும் உள்ளே பல நாள் இளகலாகவே இருக்கும். மேல்கோட்டின் தின்னர் அதைக் கடித்துத் தூக்கிவிடுகிறது. கேனில் "ஒரு மணி நேரத்துக்குள், அல்லது 48 மணி நேரம் கழித்து" என்பதுபோல் எழுதியிருப்பது இதற்காகத்தான். ஒரு கேரியரில் அவசரப்பட்டு நடுவில் அடித்து, முழுக்கச் சுரண்டி எடுத்திருக்கிறேன். கீழே என்ன பெயிண்ட் என்று தெரியாவிட்டால் மறைவான இடத்தில் பஞ்சில் தின்னர் தொட்டுத் தேயுங்கள். நிறம் பஞ்சில் வந்தால் ஒன்-கே, வராவிட்டால் அநேகமாகக் கம்பெனி பெயிண்டோ டூ-கேயோ. இப்போதைக்குச் சில நாள் நன்றாகக் காயவிட்டு, வாட்டர் பேப்பரில் சமமாக்கி மறுபடி அடியுங்கள்.

கேள்வி: கால்வனைஸ் தகட்டில் எனாமல் நிற்கவே மாட்டேன் என்கிறது சார்.

நிற்காது. எனாமலில் உள்ள எண்ணெய் தகட்டின் மேல் பூசியிருக்கும் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்புபோல் ஆகி, தாள் தாளாக உரியும். லேசாகத் தேய்த்து, துத்தநாகத்துக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் பிரைமர் அடித்த பிறகு எந்த நிறமும் சரி.

கேள்வி: மெட்டாலிக் நிறம், நம்பர் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனாலும் திட்டாகத் தெரிகிறது.

வெயிலில் பழைய பெயிண்ட் வெளுத்திருக்கும், அது ஒன்று. மற்றது உங்கள் கை. கிட்டே பிடித்து ஈரமாக அடித்தால் உள்ளே இருக்கும் அலுமினியத் துகள் அமிழ்ந்து நிறம் கறுக்கும், தூரத்திலிருந்து உலர்வாக அடித்தால் வெளுக்கும். 20 முதல் 25 செ.மீ. தூரம், ஒரே வேகம். கேனில் குண்டு சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். முதலில் ஒரு பழைய தகட்டில் அடித்து, கிளியரும் போட்டு, பகல் வெளிச்சத்தில் வண்டியோடு ஒட்டிப் பாருங்கள்.

கேள்வி: மழைநாளில் கிளியர் அடித்தேன், பால்போல் வெளுத்துவிட்டது.

ஈரம் உள்ளே சிக்கிவிட்டது. வெயில் வந்ததும் மேலே மெல்லிதாக இன்னொரு கோட் அடித்தால் பெரும்பாலும் தெளியும்.

கேள்வி: சக்கரத்தைக் கழற்றியிருக்கிறேன். உள்ளே எல்லாவற்றையும் ஒரேயடியாக அடித்துவிடலாமா?

வேண்டாம். பிரேக் டிஸ்க்கில் பேட் உரசும் முகம், ரப்பர் ஹோஸ், போல்ட் மரை, இவற்றை மாஸ்கிங் டேப் போட்டு மூடுங்கள். ரிம் ஹப்போடு உட்காரும் முகத்திலும் தடிமனாகப் பெயிண்ட் இருக்கக் கூடாது. ஓட ஓட அந்தப் பெயிண்ட் நசுங்கி, நட் தளர்ந்துவிடும். ஏற்கெனவே அடித்திருந்தால் இரும்பு தெரியும்வரை தேய்த்து எடுத்துவிட்டுச் சக்கரத்தை மாட்டுங்கள்.