வாசகர் கேள்வி – பதில்: கண்ணீர் வரவழைக்கும் காதல் படங்கள்

(காதல் சோகப் படங்களைக் குறித்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகத் தொகுத்துப் பதில் தருகிறோம்.)

கேள்வி: முடிவு நன்றாகத் தெரிந்த காதல் சோகப் படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்து அழுகிறேன். “தெரிஞ்ச கதைக்கு என்ன அழுகை?” என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வந்து, சிரிப்புப் படம் பார்க்காமல் அழுகைப் படத்தைத் தேடுவது மனக்கோளாறா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: கோளாறு எதுவும் இல்லை, சகோதரி. முடிவு தெரிந்திருப்பதனால்தான் அழுகை வருகிறது. தெரியாதிருந்தால் வருவது அதிர்ச்சி மட்டுமே. இவ்வகைப் படங்களின் கதையமைப்பைக் கவனித்துப் பாருங்கள். காதலன் எழுதிய கடிதத்தை யாரோ மறைத்துவிடுகிறார்கள். அவன் ஏமாற்றிவிட்டான் என்று நம்பி அவள் வேறொருவருக்குக் கழுத்தை நீட்டச் சம்மதிக்கிறாள். உண்மை நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதன்பின் ஒரு மணி நேரம், சொல்ல வேண்டிய செய்தியை வைத்துக்கொண்டும் சொல்ல வழியில்லாமல் நாம் உட்கார்ந்திருக்கிறோம். பெரும்பாலும் கண் கலங்குவது பிரிவு நடக்கும் இடத்திலன்று, பிற்பாடு அவள் அந்தக் கடிதத்தைப் பிரிக்கும் இடத்தில்தான், ஏனெனில் நாம் அறிந்ததை அவளும் அறிகிற அந்தக் கணத்தில் காலம் கடந்துவிட்டிருக்கிறது. இரண்டாம் முறை பார்ப்பவருக்கோ முதற் காட்சியிலிருந்தே எல்லாம் தெரியும். முதல் தடவை சிரித்து ரசித்த கேலிப் பேச்சே அடுத்த தடவை தொண்டையை அடைப்பது அதனால்தான். கேலி செய்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

களைத்த நேரத்தில் ஏன் இதைத் தேட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், போரினால் பிரிந்த காதலர்களைப் பற்றிய ஒரு சோகப் படத்தை 361 மாணவர்களுக்குக் காட்டி, 2012ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். படம் பார்க்கையில் தம் வாழ்க்கையில் உள்ள நெருங்கிய உறவுகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கே பின்னர் மகிழ்ச்சி கூடியிருந்தது. “நல்ல காலம், நமக்கு இப்படி நேரவில்லை” என்று ஒப்பிட்டுத் திருப்திப்பட்டவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. ஆகவே அழுகைப் படம் பார்ப்பவர் பிறர் துன்பத்தில் குளிர்காய்கிறார் என்ற குற்றச்சாட்டு நிற்காது.

இலங்கை மலையகமாகிய நம் பக்கத்துக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. ஒரு காம்பராவும் (அறை) ஓர் இஸ்தோப்புமாக (முன் திண்ணை) இருக்கும் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், அடுத்த வீட்டு இருமல்கூடக் கேட்கும்போது, தனக்கென்று ஒரு பெண் அழுவதற்கு இடம் எங்கே இருக்கிறது? அழுதால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் அது லயம் முழுக்கப் பரவிவிடும். அடுப்புப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று எத்தனை நாளைக்குத்தான் சொல்வது? படம் ஓடும்போது அழுதால் காரணம் கேட்க ஆளில்லை.

கேள்வி: என் தந்தைக்கு எழுபது வயது கடந்துவிட்டது. சாவு வீட்டிலும் கண் கலங்காத மனிதர், ‘மூன்றாம் பிறை’ படத்தின் கடைசிக் காட்சி வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறார். அந்த ரயில் நிலையக் காட்சியில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகர், பதுளை

பதில்: மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 1982இல் எடுத்த படம் அது. நினைவிழந்த பெண்ணைக் குழந்தையைப் போலப் பேணிக் காத்த ஆசிரியர், நினைவு திரும்பி அவள் ரயிலேறும் வேளையில், மழையில் நொண்டியபடி ஓடிவந்து, அவளைச் சிரிக்கவைத்த பழைய சேட்டைகளை ஒவ்வொன்றாகச் செய்துகாட்டுகிறார். அவளோ அவரை யாரோ ஒரு பைத்தியக்காரர் என்று எண்ணிவிடுகிறாள். அழுகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கைச் சொல்கிறது. அவளை இழக்கிறார், அவளாலேயே இழிவாகப் பார்க்கப்படுகிறார், நேற்றுவரை இருந்த நிலையிலிருந்து ஒரே நாளில் விழுகிறார். நான்கில் மூன்று அந்த ரயில் மேடையில் ஒன்றுசேர்கின்றன. அந்த இருவருக்கிடையே நடந்தது அனைத்தையும் அறிந்த மூன்றாம் ஆள் பார்வையாளர் ஒருவர்தான், அவரால் ரயிலை நிறுத்த முடியாது.

இவ்வளவும் எந்த ஊர்ப் பார்வையாளருக்கும் பொருந்தும். தங்கள் தந்தையின் தலைமுறைக்கு இதற்கு மேலும் ஒன்று உண்டு. இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினரான மலையகத்தவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே வீட்டில் தாய் தந்தைக்கு இந்தியக் கடவுச்சீட்டும், கட்டிக்கொடுத்த மகளுக்கு இலங்கைக் குடியுரிமையும் வந்த கதைகள் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. அயல் லயத்துப் பையனும் பெண்ணும் மனத்தில் நினைத்திருந்ததை எந்த விண்ணப்பப் படிவத்திலும் எழுத இடமில்லை. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற ரயிலை நம் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தனர். அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். 1984இல் அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று. இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். தாயகம் திரும்பியோர் என்று பெயரிடப்பட்ட அவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில்தான் குடியேற்றப்பட்டனர். அந்த இறுதிக் காட்சி படமாக்கப்பட்ட கேத்தி ரயில் நிலையம் இருப்பதும் அதே நீலகிரியில்தான். தங்கள் தந்தைக்கு ரயில் மேடையில் நின்று கையசைத்த அனுபவம் உண்டா, யாருக்காக அசைத்தார் என்பதையெல்லாம் நான் இங்கிருந்து ஊகிப்பது முறையாகாது. அவரிடம் கேளுங்கள், ஆனால் படம் ஓடும் நேரத்தில் கேட்காதீர்கள்.

கேள்வி: அழுதால் மனப்பாரம் குறையும் என்பது விஞ்ஞானரீதியாக உண்மையா?
– மாணவி, நுவரெலியா

பதில்: பாதி உண்மை. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், சோகப் படம் பார்த்து அழுதவர்களின் மனநிலை படம் முடிந்தவுடன் முன்னைவிட மோசமாகவே இருந்தது. 20 நிமிடங்களில் அது பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிடங்களின் பின் படத்துக்கு முன்பிருந்ததைவிட மேலாக இருந்தது. அழாதவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் எதுவும் காணப்படவில்லை. எனவே படம் முடிந்த கையோடு பரீட்சைக்குப் படிக்க உட்கார வேண்டாம்.

கேள்வி: கடைசி அரைமணி நேரத்தில் யாருக்காவது புற்றுநோய் வரவைத்து அழவைப்பதையும் கலை என்கிறீர்களா?
– வாசகர், ஹட்டன்

பதில்: இல்லை. நோயைக் குறை சொல்லவில்லை. அது திடீரென்று வருவதைத்தான் சொல்கிறேன். ஸ்ரீதர் 1962இல் எடுத்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ ஏறக்குறைய முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. கணவனின் நோய் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. அவனுக்குச் சிகிச்சை செய்ய வேண்டியவரோ அவன் மனைவியை ஒரு காலத்தில் காதலித்த மருத்துவர். அங்கே நோய் அழவைப்பதில்லை. அந்த மூவரும் ஒருவருக்கொருவர் நேர்மையாக இருக்க முயல்வதே அழவைக்கிறது. நீங்கள் சொல்லும் வகைப் படத்தில் பாத்திரம் நமக்கு ஆளாகவே பழகியிருக்காது. அந்தக் குறையை வயலின் இசை நிரப்பப் பார்க்கும். கண்ணீர் அப்போதும் வரலாம், நானும் மறுக்கவில்லை. வெங்காயம் உரித்தாலும்தான் வருகிறது.

கேள்வி: உழைத்துக் களைத்த நம் சனங்களுக்கு இந்தக் காதல் அழுகையெல்லாம் சினிமாக்காரர்கள் இறக்குமதி செய்த வியாதி என்பது என் கருத்து. மறுப்பீர்களா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: மறுக்கிறேன், ஐயா. படமாளிகை வருவதற்கு முன்பே தோட்டத்தில் காமன் கூத்து இருந்தது. மாசி மாதத்தில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, ரதிக்கும் மன்மதனுக்கும் கலியாணம் நடத்திவைப்பவர்களும் நம் சனங்கள்தான். பின்னர் சிவனின் நெற்றிக்கண்ணால் அவன் எரிந்ததும் ரதியோடு சேர்ந்து அழுபவர்களும் அவர்கள்தான். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி தடுக்கிறாள். அவன் கேட்பதில்லை. அவன் எரிவான் என்பது பொட்டலில் நிற்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும், போன மாசியிலும் அவன் எரிந்தான். இரவு முழுவதும் பனியில் நின்று பார்ப்பவர் ஒருவரும் முடிவை அறிந்துகொள்வதற்காக வந்தவர் அல்லர். ரதியின் புலம்பலைப் பாடுபவர் பெரும்பாலும் புடைவை கட்டிய ஆண். பகலில் அவரோடு மலையில் வேலை செய்பவர்களே எதிரில் நிற்கிறார்கள். அவர் குரல் உடையும்போது அவர்களும் கலங்குகிறார்கள். எரிந்தவன் எழுப்பப்பட்டும் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது கதை. இதைவிடத் துயரமான காதல் முடிவை எந்தச் சினிமாக்காரர் நமக்கு இறக்குமதி செய்துவிட்டார்? அடுத்த மாசியில் தங்கள் பகுதித் தோட்டத்தில் கம்பம் ஊன்றினால், ரதி புலம்பும் நேரத்தில் கூத்தைப் பார்க்காமல் கூட்டத்தின் முகங்களைப் பாருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.