1967-ல் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் இதழை எப்படி அச்சிட்டார்கள்? பழைய பிரதிகளில் o, e போன்ற வட்டமான எழுத்துகள் ஏன் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன?

ஸ்டென்சில் தாள் வழியே மையைக் கசியவிட்டுப் பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில்தான். இந்தத் தொடருக்கென்றே வந்த முதல் ரசிகர் இதழ் 'ஸ்பாக்கனேலியா'. 1967-ல் நியூயார்க்கில் தேவ்ரா லாங்ஸாமும் ஷெர்னா கமர்ஃபோர்டும் தொடங்கினார்கள். தொடரில் ஸ்பாக் என்ற பாத்திரமாக நடித்த லியனார்ட் நிமோயின் கடிதம் முதல் இதழிலேயே உண்டு. ஒரு ரசிகர் இதழுக்கு அது எவ்வளவு பெரிய அங்கீகாரம்! 1970 வரை 5 இதழ்கள் வந்தன.

தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பனை விலக்கிவிட்டு, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் நேராக அடிக்க வேண்டும். எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும். அந்தத் தாளை இயந்திரத்தின் உருளையில் சுற்றினால், உருளைக்குள் இருக்கும் மை அந்த வழியே கசிந்து தாளில் பதியும். அடி மெதுவாக விழுந்தால் எழுத்து மங்கும். பலமாக விழுந்தால் வட்டத்தின் நடுப்பகுதியே பெயர்ந்து விழுந்துவிடும். நீங்கள் பார்த்த கறுப்புப் புள்ளி அதுதான். அச்செழுத்தின் குழியில் அழுக்கு அடைந்திருந்தாலும் இதே கதிதான். அதனால் முதலில் பிரஷ்ஷால் எழுத்துகளைச் சுத்தம் செய்துவிட வேண்டும். பிழை வந்தால் திருத்தத் திரவம் தடவி, காயவிட்டு, மேலே மறுபடி அடிப்பார்கள்.

படங்கள்தான் பெரும்பாடு. கூர்முனைக் கம்பியால் ஸ்டென்சிலில் கீறி வரைய வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் கிழிந்துவிடும்.

மை உறிஞ்சும் சொரசொரப்பான தாளே இதற்கு ஏற்றது. வழுவழுப்பான தாளில் மை சீக்கிரம் காயாமல், மேலே விழும் தாளின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும்.

கடைசியில் பக்கங்களை மேசையில் அடுக்கடுக்காக வைத்து, சுற்றி நடந்தபடி ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்து ஸ்டேப்பிள் அடிப்பார்கள். பக்கம் விடுபடுவது இங்கேதான். பழைய பிரதி வாங்கினால் பக்க எண்களை எண்ணிப் பாருங்கள்.