அமெரிக்க மேற்கில் ஆரம்ப காலத்தில் குடியேறிய பெண் ஒருவரின் வாழ்க்கையையும் குடும்பக் கதையையும் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதிலில் கணவன், பிள்ளைகளோடு கூண்டு வண்டியில் மேற்கே போன வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் இருப்பார். நான் பிடி மேசனைச் சொல்கிறேன். அவரும் 1848-இல் மேற்கே போனவர்தான். ஆனால் வண்டிக்குப் பின்னால், நடந்து.

பிறந்தது 1818-இல். பெயர் பிரிட்ஜெட், பிடி என்பது கூப்பிடும் பெயர். மிசிசிப்பியில் ராபர்ட் ஸ்மித் என்பவரின் அடிமை. குடும்ப வரலாறும் கேட்டிருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்லியாக வேண்டும்: 1850 மக்கள்தொகைக் கணக்கில் தென் மாநில அடிமைகளை எசமானின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்றுதான் எழுதினார்கள். பெயரை எழுதுவது அபூர்வம். அதனால்தான் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றின் வம்சாவளி அந்தத் தாளோடு அறுந்து நிற்கிறது. இந்தக் குடும்பத்தின் கதையும் பிடியிடமிருந்துதான் தொடங்குகிறது, அவருக்கு மேலே போக முடியாது.

ஸ்மித் மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்து, குடும்பத்தோடும் அடிமைகளோடும் யூட்டாவுக்குக் கிளம்பினார். 1,700 மைல் பயணம் என்பார்கள். வண்டி வரிசைக்குப் பின்னால் கால்நடைகளை ஓட்டி வருவது பிடியின் வேலை. சமையலும் அவர்தான். பிரசவம் பார்க்கத் தெரிந்தவர் என்பதால் வழியில் யாருக்கு வலி கண்டாலும் கூப்பிடுவார்கள். இத்தனைக்கும் நடுவே சொந்த மகள்கள் மூவர்: எல்லன், ஆன், கைக்குழந்தை ஹாரியட்.

1851-இல் ஸ்மித் கலிபோர்னியாவுக்கு, சான் பெர்னார்டினோவுக்கு நகர்ந்தார். அடிமைமுறை கூடாது என்ற அரசியல் சட்டத்தோடு 1850-இல் மாநிலமானது கலிபோர்னியா. ஆனாலும் ஸ்மித் நாலு வருஷத்துக்கு மேல் அங்கேயே பழையபடி வேலை வாங்கினார். 1855 கடைசியில்தான் அடிமைகளை இழந்துவிடுவோமோ என்று அவருக்குப் பயம் வந்தது. எல்லோரையும் டெக்சாஸுக்குக் கூட்டிப் போக முடிவெடுத்தார். அங்கே அடிமைமுறைக்குத் தடையில்லை.

இங்கேதான் இன்னொரு குடும்பம் உள்ளே வருகிறது. ராபர்ட் ஓவன்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸில் குதிரை வியாபாரம் செய்த கறுப்பினத்தவர், யாருக்கும் அடிமையல்லாதவர். அவருடைய மகன் சார்லஸுக்கு எல்லன் மேல் பிரியம். சான்டா மோனிகா மலைப்பக்கம் ஸ்மித் முகாம் போட்டிருந்தபோது ஓவன்ஸ் குடும்பத்தின் மூலம் விஷயம் ஷெரிஃப் காதுக்குப் போய், ஆட்கொணர்வு மனு போட்டார்கள். நம் ஊர்ச் செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோமே, அதே மனுதான்.

1856 ஜனவரியில் நீதிபதி பெஞ்சமின் ஹேஸ் முன்னால் வழக்கு. ஒரு சிக்கல்: வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்வதைக் கலிபோர்னியாச் சட்டம் தடுத்திருந்தது. அடிமை இல்லை என்றும் ஒரு சட்டம், அடிமையாக வைத்திருந்தான் என்று நீ வாய் திறக்கக் கூடாது என்றும் ஒரு சட்டம்! ஹேஸ் பிடியைத் தன் தனியறைக்கு அழைத்து விசாரித்தார். டெக்சாஸிலும் இங்கே போலவே சுதந்திரமாக இருக்கலாம் என்று ஸ்மித் சொன்னதையும், அந்தப் பயணத்தை நினைத்தே தனக்குப் பயமாக இருந்ததையும் பிடி சொன்னார். பிடி, ஹன்னா என்ற இன்னொரு பெண், இருவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளை உட்பட 14 பேருக்கு விடுதலை. அடுத்த வருஷமே, ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை தொடுத்த வழக்கில், அடிமைமுறை இல்லாத இடத்தில் வாழ்ந்ததால் மட்டும் விடுதலை கிடைக்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் நேர் எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு ஓராண்டு தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. பலர் அந்த நீண்ட நடையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்த அறையில் வாய் திறந்து பேசியதுதான் பெரிதாகத் தெரிகிறது. நடந்தது எசமானின் உத்தரவு, பேசியது அவராக.

அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ். ஜான் கிரிஃபின் என்ற டாக்டரிடம் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் வேலை. கூலி ஒரு நாளைக்கு இரண்டரை டாலர் என்று சொல்வதுண்டு. பத்து வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து 1866-இல் ஸ்பிரிங் தெருவில் 250 டாலருக்கு மனை வாங்கினார். அப்போது அது ஊருக்கு ஒதுக்குப்புறம். அந்த ஊரில் சொந்தமாக நிலம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவர் அவர். பத்திரங்களில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறிதான் இருக்கும். ஊர் வளர்ந்து அவர் மனையைத் தாண்டிப் போனது. 1884-இல் ஒரு பகுதியை 1,500 டாலருக்கு விற்று, மீதியில் வாடகைக்கு விடக் கட்டடம் எழுப்பினார். பணம் வந்ததும் பிறருக்கு உதவினார்: சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பார், வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு மளிகைக் கடையில் தன் கணக்கில் சாமான் கொடுக்கச் சொன்னார். லாஸ் ஏஞ்சல்ஸின் முதல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை, அதாவது கறுப்பினத்தவரின் கிறிஸ்தவ சபை, 1872-இல் தொடங்கியது அவர் வீட்டில்தான்.

எல்லனும் சார்லஸும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்களுடைய மகன் ராபர்ட் கரி ஓவன்ஸ், பாட்டியின் மனையிலிருந்து வந்த சொத்தைப் பெருக்கி, அந்த நகரத்தின் பெரும் பணக்காரக் கறுப்பினத்தவர்களில் ஒருவரானார்.

பிடி 1891 ஜனவரியில் எவர்கிரீன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் பேர் எழுதிய கல் வந்தது 1988-இல்தான், நகரத்தின் முதல் கறுப்பின மேயர் டாம் பிராட்லி காலத்தில். லாஸ் ஏஞ்சல்ஸ் போகிறவர்கள் பிராட்பரி என்ற புகழ்பெற்ற பழைய கட்டடத்தைப் பார்க்கப் போவீர்கள். பக்கத்திலேயே அவர் பழைய மனை இருந்த இடத்தில் ஒரு சின்னப் பூங்காவும், அவர் வாழ்க்கையை ஆண்டுவாரியாகப் பதித்த நீளச் சுவரும் இருக்கின்றன. கட்டணம் கிடையாது.