மேகம் இறங்கும்போது ஒரு கணக்கு

கோத்தகிரியில் ஒரு ஞாயிறு மாலை. வடிவத்தை வளைத்தாலும் இழுத்தாலும் மாறாதவற்றைப் படிக்கும் இடவியலில், அதாவது டோபாலஜியில், ஆராய்ச்சி செய்து ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பேராசிரியை, சீட்டில் வந்த கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

கேள்வி: டோபாலஜி என்றாலே கைப்பிடி வைத்த காபி டம்ளரும் உளுந்து வடையும் ஒன்று என்கிறார்கள். அவ்வளவுதானா மேடம்? (பிளஸ் டூ மாணவி)

பதில்: வடையை விடு கண்ணு, நம் மலையையே எடுத்துக்கொள். நாலுபுறமும் சமவெளி. விடிகாலையில் மேகம் மொத்தத்தையும் மூடியிருக்கிறது, மெல்ல இறங்குகிறது. முதலில் தொட்டபெட்டா தீவு மாதிரித் தலைகாட்டும். அப்புறம் ஒவ்வொரு சிகரமும் ஒரு புதுத் தீவு. கணவாய் மட்டம் வந்ததும் இரண்டு தீவுகள் ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால், ஒரே தீவு வளைந்து தன்னோடு சேர, நடுவே மேகக் குட்டை ஒன்று சிக்கும். அது பள்ளத்தின் அடியில் வற்றும். கடைசியில் மிஞ்சுவது ஒரே நிலம். தீவுகளின் எண்ணிக்கையில் குட்டைகளைக் கழித்துக்கொண்டே வா: சிகரம் ஒன்றைக் கூட்டும், கணவாய் ஒன்றைக் குறைக்கும், குட்டை வற்றும் பள்ளம் ஒன்றைக் கூட்டும். ஆக, சிகரங்களின் எண்ணிக்கையில் கணவாய்களைக் கழித்துப் பள்ளங்களைக் கூட்டினால் விடை 1. மண்சரிவில் மலையே உருமாறினாலும் 1தான். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1870இல் இதைப் பற்றி எழுதினார். கணிதவியலாளர் மார்ஸ்டன் மோர்ஸ் 1920களில் இதை எந்தப் பரிமாணத்துக்கும் விரித்தார். ஒரு வடிவம் கோளம்தானா என்று எப்படி அறிவது எனப் புவான்காரே 1904இல் எழுப்பிய கேள்வியின் உயர்பரிமாண வடிவத்தை ஸ்மேல் 1961இல் தீர்த்தது இந்த வழியில்தான்.

கேள்வி: நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள்?

பதில்: பெரும்பாலும் முட்டிக்கொண்டு நிற்பேன். ஒருமுறை எட்டு மாத வேலையில் ஓட்டை இருப்பதை, கருத்தரங்கில் என் மாணவனே கண்டுபிடித்தான். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கேள்வி: புதியவர்களுக்கு மிச்சம் இருக்கிறதா?

பதில்: ஏன் இல்லை? கான்வே முடிச்சு என்று ஒன்று, இரு முனையும் ஒட்டிய கயிற்று முடிச்சு மாதிரி. கயிறு தன்னையே தாண்டும் குறுக்குகள் 11தான். நாற்பரிமாணப் பந்துக்குள் வழுவழுப்பான ஒரு தட்டுக்கு அது விளிம்பாக முடியுமா என்பது சுமார் 50 ஆண்டு தீராமல் கிடந்தது. 2018இல் லிசா பிச்சிரில்லோ என்ற ஆராய்ச்சி மாணவி, ஒரு மாநாட்டில் கேள்விப்பட்டு, அப்படி விளிம்பாக முடியாது என்று ஒரே வாரத்துக்குள் நிரூபித்தார்.

கேள்வி: மகன் கணிதம்தான் படிப்பேன் என்கிறான். சோறு போடுமா? (கட்டபெட்டு, தேயிலை விவசாயி)

பதில்: போடும் அண்ணா, தாமதமாக. பி.எஸ்சி. முடித்து, ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம். பிளஸ் டூ முடித்ததும் நுழைவுத் தேர்வு எழுதி, சென்னைக் கணிதக் கழகத்தில் நேரே இளங்கலையிலும் சேரலாம். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு வருடம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். அதன்பின் இரண்டு மூன்று ஊர்களில் தற்காலிக வேலை. எனக்கு நிரந்தர வேலை கிடைத்தபோது வயது 36. அதுவரை கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள், பையன் ஓடிவிடுவான்.